ஒரே மருந்து, இரண்டு ஆயுள்

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் போகும் சாலையில், மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கும் இடம் வேங்கிக்கால். ஒரு காலத்தில் மானாவாரிக் கொல்லைகளாகக் கிடந்த செம்மண் நிலம் இன்று கல் நட்ட மனைகளாகவும் வீடுகளாகவும் மாறிக்கொண்டிருக்கிறது. ஊரில் ஏரி உண்டு. சுற்றுவட்டாரத்தில் கழனியும் கொல்லையும் இன்னும் மிச்சம் உண்டு. அதனால் இந்தப் பக்கத்துப் பூச்சிமருந்துக் கடைகளில் குளோர்பைரிபாஸ் என்ற மருந்துக்கு இரண்டு வகை ஆட்கள் வருகிறார்கள். மல்லாட்டை (நிலக்கடலை) விதைக்கிறவர் வேர்ப்புழுவுக்கு வாங்குகிறார். வீடு கட்டுகிறவர் அஸ்திவாரத்தில் கரையான் ஏறாமலிருக்க வாங்குகிறார்.

விவசாயியைக் கேட்டால், "ஒரு மாசம் தாங்கினா பெரிசுங்க, அப்புறம் புழு திரும்ப வந்துடுது" என்பார். மேஸ்திரியைக் கேட்டால், "அஞ்சு வருசத்துக்குக் கரையான் எட்டிப் பார்க்காது சார்" என்று அடித்துச் சொல்வார். இரண்டுமே பெரும்பாலும் உண்மைதான். டப்பாவுக்குள் இருப்பது ஒரே பொருள். மண்ணும் அக்கம்பக்கத்து மண். அப்படியிருக்க, ஒரு இடத்தில் ஒரு மாதத்தில் தீர்ந்துபோகிற மருந்து இன்னொரு இடத்தில் வருடக்கணக்காக எப்படி நிற்கிறது?

போனது எங்கே போனது?

மண்ணில் விழுந்த மருந்துக்கு நான்கு வழிகள் உண்டு. மண் துகளில் ஒட்டிக்கொள்ளலாம். தண்ணீரில் கரைந்து கீழே இறங்கலாம். ஆவியாகிக் காற்றில் கலக்கலாம். வெயிலாலோ, ஈரத்தாலோ, நுண்ணுயிர்களாலோ உடைந்து வேறு பொருளாகலாம். இந்த நான்கில் கடைசி ஒன்றுதான் அழிவு. மற்ற மூன்றும் இடமாற்றம்.

இந்த வேறுபாட்டை நம் தமிழ்நாட்டு மண்ணிலேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். வயதான விவசாயிகளுக்கு பி.எச்.சி. தூள் நினைவிருக்கும். மல்லாட்டைக் கொல்லையில் கம்பளிப்புழு படையெடுத்தால் கையால் அள்ளித் தூவிய தூள் அது. நெல்லுக்கும் அதைத்தான் போட்டார்கள். பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையமும் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகமும் சேர்ந்து, வெள்ளாற்றுப் பாசனப் பகுதியில் இந்த மருந்து எங்கே போகிறது என்று பின்தொடர்ந்தன. 1991-ல் வெளியான முடிவு பலரை வியக்க வைத்தது. ஆற்றோடு கடலுக்குப் போனது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மற்றதெல்லாம் ஏறக்குறைய முழுதாகக் காற்றில் ஏறிவிட்டது. நம் வெயிலில் மருந்து சீக்கிரம் மறைகிறது என்று அதுவரை மகிழ்ந்தவர்கள் உண்டு. வயலை விட்டு அது போனது உண்மை. ஆனால் காற்றில் ஏறிய பி.எச்.சி. உடையாமல் குளிர்ந்த நாடுகள்வரை பயணம் போய் அங்கே இறங்குகிறது. இந்தியா 1997-ல் அதைத் தடை செய்தது.

ஆகவே ஒரு மருந்தின் 'அரை ஆயுள்' என்று புத்தகங்களில் ஓர் எண்ணைப் பார்க்கும்போது கவனமாக இருக்க வேண்டும். போட்ட அளவு பாதியாகக் குறைய ஆகும் காலம்தான் அரை ஆயுள். வயலில் அளந்த அரை ஆயுளில் உடைந்ததும் பறந்ததும் கழுவிப்போனதும் எல்லாம் சேர்ந்திருக்கும். அந்த எண் மருந்துக்கு மட்டும் சொந்தமானதும் அல்ல. மருந்தும் அது விழுந்த மண்ணும் சேர்ந்துதான் அதை முடிவு செய்கின்றன.

மண்ணின் பிடி

ஒட்டிக்கொள்வதை முதலில் எடுத்துக்கொள்வோம். மற்ற மூன்று வழிகளையும் திறப்பதும் அடைப்பதும் அதுதான்.

குளோர்பைரிபாஸ் எண்ணெய்த்தன்மை உள்ள பொருள். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மில்லிகிராம் சொச்சம்தான் கரையும். கரையாத பொருளைத் தெளிப்பானில் ஊற்ற முடியாது என்பதால்தான், கூடவே குழம்பாக்கும் பொருள் சேர்த்து விற்கிறார்கள். தண்ணீரில் விட்டதும் வெள்ளை வெளேரென்று ஆவது அதனால். மண்ணில் இறங்கியதும் அது தண்ணீரை விட்டு விலகி, எண்ணெய்ப்பசை உள்ள இடத்தைத் தேடுகிறது. மண்ணில் அந்த இடம் மட்கு. இலைதழையும் வேரும் சாணமும் மட்கிக் கருத்துப்போன பகுதி. மண் பரிசோதனைத் தாளில் 'அங்ககக் கரிமம்' என்று போடுவது இந்த மட்கின் அளவைத்தான்.

களிமண்ணும் பிடித்துக்கொள்ளும், ஆனால் எல்லாக் களியும் ஒன்றல்ல. கரிசலில் உள்ள மான்ட்மோரிலோனைட் என்ற களி மெல்லிய அடுக்குகளால் ஆனது; ஈரம் பட்டால் அடுக்குகள் விலகி உள்ளேயும் இடம் தரும். அப்படி உள்ளும் புறமுமாகக் கணக்கிட்டால், ஒரு கிராம் களியின் பரப்பு 700 சதுர மீட்டருக்கு மேல். பதினேழு சென்ட் மனைக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். செம்மண்ணில் அதிகம் இருப்பது கயோலினைட். அதன் அடுக்குகள் விலகுவதில்லை. ஒரு கிராமுக்குப் பத்து இருபது சதுர மீட்டர்தான் தேறும். ஒரு சின்ன அறை அளவு.

இப்போது வேங்கிக்கால் பக்கத்துக் கொல்லை போன்ற ஒரு செம்மண்ணை எடுப்போம். அங்ககக் கரிமம் 0.4 சதவீதம். மண் பரிசோதனைக் கணக்கில் 0.5-க்குக் கீழே இருந்தால் 'குறைவு'. நம் மானாவாரி நிலங்களில் இது சாதாரணம், ஏனென்றால் இந்த வெப்பத்தில் மட்கு தங்குவதில்லை. ஒரு கிலோ மண்ணில் 200 மில்லி ஈரம் இருக்கட்டும். இதில் குளோர்பைரிபாஸைக் கலந்தால், தோராயமாக 100 பங்கில் 99 பங்குக்கு மேல் மண்ணில் ஒட்டியிருக்கும். ஈரத்தில் மிதப்பது ஒரு பங்குக்கும் குறைவு. அதே மண்ணில் இமிடாகுளோபிரிட் என்ற இன்னொரு பூச்சிமருந்தைக் கலந்தால்? அது ஒரு லிட்டர் தண்ணீரில் அரை கிராமுக்கு மேல் கரையக்கூடியது. அதில் 20 பங்கு ஈரத்திலேயே நிற்கும். பலத்த மழை பெய்தால் கீழே இறங்கத் தயாராக இருப்பது இந்த 20 பங்கு.

இதே கொல்லையில் தொழு உரமும் ஏரி வண்டலும் அடித்து, கரிமத்தை 0.8 சதவீதமாக உயர்த்திவிட்டதாக வைத்துக்கொள்வோம். இமிடாகுளோபிரிட்டின் 20 பங்கு 11-ஆகக் குறைந்துவிடும். கோடையில் ஏரி மண்ணை வண்டியில் அள்ளிப்போய்க் கொல்லையில் கொட்டிய பழைய வழக்கம் பயிருக்காக வந்தது. அது கிணற்றுக்கும் காவலாக இருக்கிறது.

இதில் விவசாயிக்கு ஒரு சங்கடமும் இருக்கிறது. மண்ணில் இறுக ஒட்டிய மருந்து புழுவுக்கும் எட்டாது. வேர்ப்புழுவின் உடலில் சேர்வது பெரும்பாலும் ஈரத்திலும் மண்ணின் காற்றிலும் விடுபட்டிருக்கும் சிறு பங்குதான். அதனால் களி நிறைந்த கரிசலில் அதே அளவு மருந்து மந்தமாக வேலை செய்யும். மணற்பாங்கான செம்மண்ணில் சுறுசுறுப்பாக வேலை செய்யும். டப்பாவின் மேல் இருக்கும் அளவோ இரண்டு மண்ணுக்கும் ஒன்றே. கரிசல்காரர் மருந்து போலி என்று நினைத்து இன்னும் ஒரு மூடி சேர்த்து ஊற்றுகிறார். செம்மண்காரர் தேவைக்கு மேல் போட்டுவிட்டோம் என்பது தெரியாமலே இருக்கிறார். எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பொறுப்பதில்லை.

கொல்லையில் ஒரு சதுர மீட்டர், அஸ்திவாரத்தில் ஒரு சதுர மீட்டர்

இனி முதல் கேள்விக்குக் கணக்குப் போடலாம். கடையில் விற்பது பெரும்பாலும் 20 சதவீத மருந்து. ஒரு லிட்டரில் 200 கிராம் சரக்கு. ஏக்கருக்கு ஒரு லிட்டர் போட்டால், ஒரு சதுர மீட்டருக்கு விழுவது 0.05 கிராம்.

வீட்டுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் விதிமுறை ஒன்று இருக்கிறது, ஐ.எஸ். 6313 என்று அதன் எண். தளம் போடும் முன் மண்ணின் மேல் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் கலவை ஊற்றச் சொல்கிறது. ஒரு சதவீதக் கலவை என்றால், சரக்கு 50 கிராம். கொல்லையில் 0.05, வீட்டில் 50. ஆயிரம் மடங்கு. ஆயிரம் சதுர அடி வீட்டின் தளத்துக்கு மட்டும் 23 லிட்டர் மருந்து போகிறது; அதைக் கொல்லையில் தெளித்தால் 23 ஏக்கருக்குக் காணும்.

அடுத்தது காலம். கொல்லையில் மண்ணோடு கலந்துவிட்ட குளோர்பைரிபாஸின் அரை ஆயுள் பொதுவாக ஒரு மாதத்திலிருந்து இரண்டு மாதம். மேலாகத் தெளித்தது ஓரிரு வாரத்திலேயே பாதியாகும். 40 நாள் என்று எடுத்துக்கொள்வோம். விதைத்த அன்று 0.05 கிராம். 40-ஆம் நாள் 0.025. 80-ஆம் நாள் 0.0125. மல்லாட்டை பிடுங்கி முடிக்கும் 120-ஆம் நாள்வாக்கில் 0.006, எட்டில் ஒரு பங்கு. புழுவைக் கொல்லும் அளவுக்குக் கீழே அது எப்போதோ இறங்கியிருக்கும்.

அஸ்திவாரத்தில்? அமெரிக்காவில் பல வகை மண்ணை எடுத்து, கரையானுக்கு ஊற்றும் அளவில் குளோர்பைரிபாஸ் கலந்து பார்த்த ஆய்வு 1994-ல் வெளியானது. அரை ஆயுள் சில மாதங்களில் தொடங்கி, சில மண்ணில் நான்கு ஆண்டுகளைத் தாண்டியது. நாம் ஓர் ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். 50 கிராம் ஓர் ஆண்டில் 25, இரண்டாம் ஆண்டில் 12.5, மூன்றில் 6 சொச்சம், நான்கில் 3, ஐந்தாம் ஆண்டு முடிவில் ஒன்றரை கிராம். கொல்லையில் விதைப்பு நாளன்று விழுந்ததைவிட இது முப்பது மடங்கு. மேஸ்திரியின் ஐந்து வருடம் இப்படித்தான் வருகிறது.

அரை ஆயுளே 40 நாளிலிருந்து ஓர் ஆண்டாக நீண்டது ஏன் என்பதுதான் இதில் ருசியான பகுதி. வீட்டுத் தளத்தின் கீழே வெயில் இல்லை. மேலே கான்கிரீட் மூடியிருப்பதால் ஆவி வெளியேற வழியில்லை. மழை நனைக்காததால் மண் காய்ந்து கிடக்கிறது. கொட்டிய மருந்தின் அளவே நுண்ணுயிர்களை ஒடுக்கிவிடுகிறது. நான்கு வழிகளில் மூன்று அடைபட்டு, ஒட்டிக்கிடப்பது மட்டுமே மிஞ்சுகிறது.

தின்கிற கூட்டம்

கொல்லையில் மருந்தை உடைப்பதில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத உயிர்களுடையது. ஒரு கிராம் நல்ல மண்ணில் பாக்டீரியாக்கள் கோடிக்கணக்கில் இருக்கும். அவற்றில் சில, நாம் விஷம் என்று போடுவதை உணவாக்கிக்கொள்ளும்.

இதைத் துலக்கமாகக் காட்டியவர்களில் ஒருவர் நம் நாட்டு விஞ்ஞானி என். சேதுநாதன். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் டயசினான் என்ற மருந்தைத் திரும்பத் திரும்பப் போட்ட வயல்களில் அதன் வீரியம் குறைந்துகொண்டே வந்தது. அந்த வயல் தண்ணீரிலிருந்து, டயசினானை உடைத்து உண்ணும் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, 1973-ல் யோஷிடா என்ற ஜப்பானியருடன் சேர்ந்து வெளியிட்டார். அதே பாக்டீரியா பாரத்தியான் என்ற இன்னொரு பூச்சிமருந்தையும் உடைத்தது. பிறகு கட்டாக்கில், அப்போது மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் எனப்பட்ட நிறுவனத்தில் இந்தத் துறையையே வளர்த்தெடுத்தார். மருந்து கேட்காமல் போவதற்குப் பூச்சி பழகிப்போனது ஒன்றே காரணம் என்று நாம் நினைக்கிறோம். மண்ணும் பழகிப்போகும் என்பது அவர் போன்றவர்களின் வேலையால் தெரியவந்தது.

குளோர்பைரிபாஸ் விஷயத்தில் மண் அவ்வளவு எளிதில் பழகுவதில்லை. அது உடையும்போது டிரைகுளோரோபிரிடினால் என்ற துண்டு பிறக்கிறது. அதில் மூன்று குளோரின் அணுக்கள். தின்ன வரும் பாக்டீரியாவையே அது தாக்குகிறது. அது மட்டுமல்ல, தாய்ப்பொருளைவிடத் தண்ணீரில் நன்றாகக் கரையும், எளிதாக இடம்பெயரும். குளோர்பைரிபாஸ் இருக்கிறதா என்று மட்டும் சோதித்து 'இல்லை' என்று எழுதிய அறிக்கை பாதிக் கதைதான் சொல்கிறது.

நுண்ணுயிர் இல்லாமலும் உடைவு நடக்கும். அதற்கு மண்ணின் கார அமில நிலை, அதாவது பி.எச். முக்கியம். நடுநிலையான தண்ணீரில், பி.எச். 7-ல், குளோர்பைரிபாஸ் பாதியாக இரண்டரை மாதம் போல ஆகும். பி.எச். 9-ல் இரண்டு வாரத்துக்குச் சற்று மேல் போதும். களர் தட்டிய நிலத்தில் மருந்து சீக்கிரம் செத்துப்போவது இதனால்தான். 

கழனிச் சேறு

ஏரிக்குக் கீழே போனால் கதை இன்னொரு திருப்பம் எடுக்கிறது. தண்ணீர் நிற்கும் நெல் கழனியில் சேற்றுக்குள் காற்று கிடையாது. காற்றில்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்களுக்குக் குளோரினைப் பிய்த்தெடுக்கும் திறமை உண்டு. கே. ரகு, மாக்ரே என்ற ஆய்வாளர்கள் 1966-ல் இதை நெல் வயல் மண்ணில் காட்டினார்கள். பி.எச்.சி.யின் வீரியமுள்ள வடிவமான லிண்டேன், மேட்டு நிலத்தில் எளிதில் உடையாதது, நீர் தேங்கிய மண்ணில் நுண்ணுயிர்களால் உடைந்தது. டி.டி.டி.யும் அப்படியே, சேற்றில் ஒரு குளோரினை இழந்து வேறொன்றாகிறது. அந்த வேறொன்றும் நல்லதல்ல என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஒட்டியது விடுபடுமா?

ஒட்டிய மருந்து நாள்பட நாள்பட இன்னும் உள்ளே போகிறது. புதுச் சட்டியில் மீன் குழம்பு வைத்தால் கழுவினால் போய்விடும். பத்து வருடம் வைத்த சட்டியில் எண்ணெயும் வாசமும் மண்ணின் துளைக்குள் ஏறிவிடுகின்றன. அதுபோல, மருந்து மட்கின் நுண்துளைகளுக்குள் நுழைந்து, சோதனைச்சாலைக் கரைப்பான்கள் ஊற்றினாலும் வெளிவராத நிலைக்குப் போய்விடுகிறது. இதைக் கட்டுண்ட எச்சம் என்று அழைக்கலாம். கதிரியக்கக் கார்பன் சேர்த்த மருந்தை மண்ணில் கலந்து, பிறகு அந்த மண்ணையே எரித்து வரும் புகையில் கார்பனைத் தேடித்தான் இதன் அளவைக் கண்டார்கள்.

கட்டுண்டது பாதுகாப்பானதா? பெரும்பாலும் ஆம், புழுவும் வேரும் தொட முடியாத மருந்தால் தீங்கு குறைவு. ஆனால் அது சிறைதான், சாவு அல்ல. மட்கு கரைந்தால், மண்ணின் பி.எச். மாறினால், மண்புழு அந்த மண்ணைத் தின்று வெளியேற்றினால், கொஞ்சம் விடுபடும். பி.எச்.சி. தூவிய காலத்துக் கொல்லைகள்தான் இன்று மனைகளாகப் பிரிந்து, கீரைப்பாத்தியும் முருங்கையுமாக வீட்டுத் தோட்டங்களாகின்றன. மனை வாங்குகிறவர் பட்டாவையும் வில்லங்கத்தையும் பார்க்கிறார். அந்த மண்ணில் முப்பது வருடத்துக்கு முன் என்ன விழுந்தது என்று யாரும் கேட்பதில்லை.

அட்டையில் இருக்கும் இரண்டு எண்கள்

2015-லிருந்து விவசாயிகளுக்கு மண்வள அட்டை கொடுக்கிறார்கள். பன்னிரண்டு அளவுகள் அதில் உண்டு. தழை, மணி, சாம்பல் சத்துக்களைப் பார்த்து உரப் பரிந்துரை எழுதுகிறார்கள். அதே அட்டையில் பி.எச். இருக்கிறது, அங்ககக் கரிமமும் இருக்கிறது. இவ்வளவு நேரம் பேசியதெல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டு எண்களில் அடங்கும். உரத்துக்கு மண் பார்த்து அளவு சொல்ல முடிகிறது. பூச்சிமருந்துக்கும் அப்படிச் சொல்ல வேண்டும் என்று வேளாண் துறையிடம் கேட்பது பெரிய ஆசை இல்லை. அளவுகள் ஏற்கனவே கையில் இருக்கின்றன.

குளோர்பைரிபாஸுக்கே நாள் எண்ணப்பட்டுவிட்டது. 2025-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகள் சில விதிவிலக்குகளோடு அதை ஒழிக்க வேண்டிய பட்டியலில் சேர்த்தன. அதன் இடத்துக்கு வரும் மருந்துகளில் பல, இமிடாகுளோபிரிட் போல, தண்ணீரோடு எளிதில் போகிறவை. குளோர்பைரிபாஸை மண் பிடித்துவைத்த அளவுக்கு இவற்றைப் பிடித்துவைக்காது.

வெடிப்பும் குழாயும்

மண் பிடித்துக்கொள்ளும் என்று சொன்னதெல்லாம், தண்ணீர் மண்ணின் ஊடாகப் போனால்தான். கரிசலில் கோடை வெடிப்பு விட்டிருக்கும்போது முதல் மழை பெய்தால், தண்ணீர் வெடிப்பு வழியே நேராக அடிமண்ணுக்குப் போய்விடும். மருந்துக்கு மட்கைச் சந்திக்கவே வாய்ப்பில்லை. திருவண்ணாமலைச் செம்மண்ணில் வேறு வகைச் சிக்கல். பல இடங்களில் மண் ஆழமில்லை. கொஞ்சம் தோண்டினால் சரளை, அதற்குக் கீழே பாறை. பாறையின் விரிசல்களில்தான் நம் போர்வெல் தண்ணீர் ஓடுகிறது. விரிசலுக்குள் போன மருந்தைப் பிடிக்க அங்கே மண்ணும் இல்லை, தின்ன உயிர்களும் மிகக் குறைவு.

ஐ.எஸ். 6313 விதிமுறையே குடிநீர்க் கிணறுகளில் மருந்து கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. ஆனால் சிறு மனைகளில் வீடு கட்டும்போது நடப்பது வேறு. முதலில் போர் போட்டு, அந்தத் தண்ணீரில் கட்டடம் கட்டுகிறோம். போர் இருப்பது பெரும்பாலும் மனையின் மூலையில், அஸ்திவாரத்திலிருந்து சில அடி தூரத்தில். கேசிங் குழாய்க்கும் துளையின் சுவருக்கும் நடுவே இடைவெளி விட்டிருந்தால், சதுர மீட்டருக்கு ஐந்து லிட்டராக ஊற்றும் கலவைக்கு அது திறந்த வாசல். கரையான் மருந்து ஊற்ற ஆள் வருவதற்கு முன் அந்த இடைவெளியை சிமென்ட் குழம்பால் அடைத்து, குழாயைச் சுற்றி மேடாகத் தளம் போட்டு, போருக்குப் பக்கத்து மண்ணில் மருந்து ஊற்றவே வேண்டாம் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட வேண்டும்.